சாரதிக்கும் ஒரு சயனம்

சுவாமிமலைக் கட்டுமலையின் அறுபது படிகளையும் ஏறிச் சுவாமிநாதனைத் தரிசித்துவிட்டுக் கீழே இறங்குகிறவர்களுடைய காதில், சந்நிதி மணியின் ஓசை முற்றிலும் அடங்குவதற்கு முன்னாலேயே, வேறொரு நாதம் வந்து விழுகிறது. ஊர்ப் பட்டறைகளில் உளியும் அரமும் பஞ்சலோகத்தின்மேல் ஓயாமல் எழுப்புகிற நாதம் அது. தேன்மெழுகோடு குங்கிலியத்தைக் கலந்து, முதலில் மெழுகிலே தெய்வத்தைச் செய்து, காவிரியின் வண்டல் மண்ணை அதன்மேல் பூசிக் காயவைத்து, பிறகு நெருப்பில் மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அது விட்டுப்போன வெற்றிடத்தில் உலோகக் குழம்பை வார்க்கிற அந்த வித்தை, தலைமுறை தலைமுறையாக இந்த ஊரில் ஜீவனோடு இருந்து வருவதை உலகம் அறியும். சுவாமிமலை வெண்கலச் சிலைகளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மெழுகு தெய்வமாகிற கதையை எழுதியவர்கள் அநேகர். அந்தத் தெய்வம் பட்டறையை விட்டுப் புறப்பட்டு, ஆறுகளையும் மலைகளையும் கடந்து, எங்கேயோ ஓர் ஊரின் கோயில் வாசலில் இறங்குகிற வரையில் அதற்குத் துணையாகப் போகிற மனிதன் இரவில் எங்கே தலை சாய்க்கிறான் என்பதைப் பற்றி எவரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

தை மாதத்து மாலை ஒன்றில் அப்படிப்பட்ட ஒரு பிரயாணம் புறப்படுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தபடியால் ஊரெங்கும் புது வைக்கோலின் வாசனை நிறைந்திருந்தது. பட்டறை வாசலில் பின்கதவு திறந்து நின்ற, மூடிய கூண்டுடைய லோடு வேன் ஒன்றில் அரை முழ உயரத்துக்கு வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் கோணிச் சாக்கை விரித்து, நான்கடி உயரமுள்ள சிவகாமியம்மனை ஆறு பேர் தாங்கிப் பிடித்து மெல்லக் கிடத்தினார்கள். கையளவு கனத்தில் முறுக்கிய வைக்கோற்புரிகளைக் கழுத்தின் அடியிலும் இடுப்பின் இருபுறமும் செருகிக்கொண்டே வந்த வேன்காரரைப் பார்த்து முதிய ஸ்தபதி சொன்னார்: “இடது கைக்குக் கீழே இன்னொரு புரி கொடு, தம்பி. தொங்கவிட்ட கை அது; குலுங்கினா தாங்காது.” வேன்காரர், “சரிங்கய்யா” என்று சொல்லி, ஒரு புரியை இரண்டாக மடித்து, உறங்குகிற குழந்தையின் கைக்கு அடியில் தலையணையை நகர்த்துகிறவரைப் போல அதை உள்ளே நகர்த்தினார்.

அம்மன் அமைதியாகப் படுத்த பிறகுதான் வண்டியின் இடதுபக்கச் சுவரோடு மடிந்து கிடந்த ஒரு பொருள் என் கண்ணில் பட்டது. சதுரக் குழாயில் சட்டம் அடித்து, நெருக்கமாக நாடா பின்னி, கீல் வைத்துச் சுவரில் மாட்டப்பட்டிருந்த கட்டில் அது. தாழ்ப்பாளை விடுவித்தால் கீழே இறங்கி, இரண்டு சங்கிலிகளின் பலத்தில் சமமாக நிற்கும். அதைப் பற்றிக் கேட்டதும் அவர் சொன்னதை அவருடைய வார்த்தையிலேயே தருகிறேன்: “ஸ்டியரிங்மேலயே தலையைச் சாய்ச்சுத் தூங்கின வருஷம் பத்து இருக்கும்ங்கய்யா. விடிஞ்சா காலு ரெண்டும் வீங்கிப் போயிருக்கும், கழுத்து திரும்பாது. அதோடதான் இன்னும் இருநூறு கிலோமீட்டர் ஓட்டணும். ஒருநாள் விடியக்காலம் தொப்பூர் இறக்கத்துல ஒரு நொடி கண்ணு மூடிருச்சு. வண்டியில இருந்த சாமிதான் காப்பாத்துச்சு. ஊருக்கு வந்த கையோட வெல்டிங் பட்டறையில போய் உக்காந்து இதை அடிச்சுக்கிட்டேன்.”

அந்த நாடாக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் மனத்தில் உறுதிப்பட்ட ஓர் அபிப்பிராயத்தை வாசகர்கள் முன் வைப்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். வண்டியில் உறங்க வேண்டியிருக்கிற தொழிலாளிக்கு உறக்கமும் தொழிலின் ஓர் அங்கம். ஆகவே சரக்குக்கு இடம் ஒதுக்குகிற அதே கவனத்தோடு அவனுடைய படுக்கைக்கும் இடம் ஒதுக்குவது உபகாரம் ஆகாது, கடமையே ஆகும்.

ஏன் வண்டியிலேயே உறங்க வேண்டும்?

இரவில் ஏதேனும் ஒரு விடுதியில் அறை எடுத்துத் தங்கக்கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. விடுதிக்குப் போகிறவன் வண்டியைத் தெருவில் விட்டுவிட்டுப் போக வேண்டும். வண்டிக்குள்ளே இருப்பதோ ஒரு கிராமமே பல வருஷங்கள் நன்கொடை சேர்த்துச் செய்வித்த விக்கிரகம். சிலைத் திருட்டைத் தடுப்பதற்கென்றே 1983-ஆம் ஆண்டு முதல் காவல்துறையில் தனிப் பிரிவு ஒன்று இயங்க வேண்டியிருக்கிற நம் மாநிலத்தில், புதுச் சிலையானாலும் அதைத் தனியே விட்டுவிட்டு நிம்மதியாகக் கண்மூட எந்தச் சாரதிக்கும் மனம் வராது. வழியில் காவலர்கள் நிறுத்திக் கேட்டால் காட்டுவதற்காக ஸ்தபதி கொடுத்த பில்லையும் கடிதத்தையும் தலையணைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு படுக்கிற வழக்கத்தை அந்த வேன்காரரிடம் கண்டேன். இதற்கு மேலாக நாள் நட்சத்திரம் என்ற ஒன்று இருக்கிறது. இன்ன நாளில், இன்ன முகூர்த்தத்துக்கு முன்னால் விக்கிரகம் வந்து இறங்க வேண்டும் என்று நிச்சயித்திருப்பார்கள். பிந்திப் போகக் கூடாதே என்று முந்தியே போய்ச் சேர்ந்து, ஊரார் விழித்தெழுந்து மாலையும் மேளமுமாக வருகிற வரையில் ஊர் எல்லையில் காத்திருப்பதுதான் பெரும்பாலும் நடப்பது.

விக்கிரகம் கொண்டுபோகிறவர்களுக்கு மட்டும் உரிய நிலையும் இதுவன்று. குறுவையும் சம்பாவும் அறுக்கிற மாதங்களில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்கும் கிடங்குகளுக்கும் முன்னால் வரிசைகட்டி நிற்கிற லாரிகளைப் பார்த்தவர்கள், அவற்றின் அடியில் தார்ப்பாயை விரித்துப் படுத்திருக்கிற மனிதர்களையும் பார்த்திருப்பார்கள். அறுவடை இயந்திரங்களோடு மாவட்டம் மாவட்டமாக நகர்கிறவர்களும், பந்தல் சாமானோடு போகிறவர்களும், ஒலிபெருக்கிக் கருவிகளை ஏற்றிக்கொண்டு திருவிழாவுக்குத் திருவிழா அலைகிறவர்களும் வருஷத்தில் எத்தனையோ இரவுகளை வண்டியிலேதான் கழிக்கிறார்கள்.

வைக்கோல் மெத்தை இருந்த காலம்

வண்டியில் உறங்குவது நம்மவர்களுக்குப் புதிய விஷயம் அல்ல. மோட்டார் வருவதற்கு முந்திய காலத்தில் தஞ்சை ஜில்லாவின் கூண்டு வண்டிகளில் வைக்கோலைத் தாராளமாகப் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளத்தையோ கோரைப் பாயையோ விரித்து, நடுச்சாமத்தில் புறப்பட்டு, விடியும்போது கும்பகோணத்துக் கடைத்தெருவில் கண்விழித்த தலைமுறை ஒன்று இருந்தது. அந்த வைக்கோல் மனிதனுக்கு இரவில் மெத்தை, மாட்டுக்குக் காலையில் தீனி. வண்டிக்காரன் கண்ணயர்ந்தாலும் பாதகமில்லை. பழகிய பாதையில் மாடுகள் வழி தவறாமல் நடந்து அவனை வீட்டு வாசலில் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

மாடு செய்த அந்த உபகாரத்தை மோட்டார் செய்யாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டரைக் கடந்துவிடுகிறது. சாரதியின் இமை நான்கு விநாடி மூடியிருந்தால், அறுபத்தைந்து மீட்டருக்கு மேற்பட்ட தூரம் அந்த வண்டி குருடாக ஓடியிருக்கும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாஸன், ரீடு என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1997-ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனை முடிவு இந்த இடத்தில் சிந்திக்கத்தக்கது. இடைவிடாமல் 17 மணி நேரம் விழித்திருந்தவனுடைய கண்ணும் கையும், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவனுடைய நிலைக்குத் தளர்ந்துவிடுகின்றன என்று அவர்கள் அளந்து காட்டினார்கள். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநருக்கு அனுமதிக்கிற எல்லையோ 30 மில்லிகிராம்தான். அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, பகலெல்லாம் சரக்கு ஏற்றி, இரவு பத்து மணிக்கு மேல் சாலையில் இருக்கிற உழைப்பாளி, ஒரு சொட்டு மதுவையும் தொடாதவனாக இருந்தும், அந்த எல்லையைத் தாண்டியவனைப் போன்ற அபாயத்தில் இருக்கிறான். அவனுக்கு வேண்டிய மருந்து தேநீர் அன்று. கால் நீட்டிப் படுக்க ஆறடி இடம்.

அளவு எடுக்கிற வேளை

அந்த ஆறடியை எப்படி அமைப்பது என்பதை இனிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். நல்லெண்ணத்தோடு தொடங்கியவர்கள்கூட அளவு தெரியாமல் பணத்தைச் செலவழித்துவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள். பெரிய லாரிகளில் சாரதியின் முதுகுக்குப் பின்னாலிருக்கும் படுக்கைக்கு அமெரிக்க அரசாங்கத்தின் விதி வகுத்திருக்கிற குறைந்த அளவு 75 அங்குல நீளம், 24 அங்குல அகலம், படுக்கைக்கு மேலே 24 அங்குல வெளி. அதாவது ஆறே கால் அடிக்கு இரண்டடி. இதற்குக் குறைந்த இடத்தில் மனிதன் புரண்டு படுக்க முடியாது. புரளாமல் உறங்குகிற உறக்கம் உடம்பைத் தேற்றாது. 2005-ஆம் ஆண்டில் வெளிவந்து, ‘குட்டி யானை’ என்று ஜனங்கள் பெயரிட்டு அழைக்கிற டாடா ஏஸ் வண்டியை எடுத்துக்கொண்டால், அதன் சுமைத் தளம் சுமார் ஏழடி நீளமும், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உடையது. அவ்வளவு சிறிய வண்டியில்கூட இரண்டேகால் அடி அகலத்துக்கு ஒரு கட்டிலை இறக்கினால், அதற்குப் பக்கத்தில் இரண்டரை அடி அகலம் சரக்குக்கு மிஞ்சுகிறது. பெரிய வேன்களில் இடத்தைப் பற்றிய கவலையே இல்லை.

கட்டிலைத் தரையோடு நிரந்தரமாகப் பொருத்துவது புத்திசாலித்தனம் ஆகாது. பகலில் வண்டி சம்பாதிப்பது அந்தத் தரையை வைத்துத்தான். ஆகையால் பக்கச் சுவரில் கீல் வைத்து மடக்கக்கூடியதாகவும், வேண்டும்போது கழற்றி வீட்டில் வைத்துவிடக்கூடியதாகவும் செய்துகொள்வதே சிலாக்கியம். இறக்கிய கட்டில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் நின்றால், ஜாக்கி, கயிற்றுச் சுருள், தார்ப்பாய், ஸ்பானர்ப் பெட்டி இவையெல்லாம் அதன் அடியில் அடங்கிவிடும். வண்டியின் பதிவுச் சான்றில் கண்டுள்ள அமைப்பை இஷ்டப்படி மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இடம் கொடுப்பதில்லை. கூண்டை வெட்டி ஜன்னல் வைப்பது போன்ற வேலைகளுக்கு முன்னால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

படுக்கையின்மேல் எதை விரிப்பது? தடித்த ரப்பர் மெத்தை பார்வைக்குச் சௌகரியமாகத் தோன்றினாலும், சித்திரையிலும் வைகாசியிலும் அது உடம்பின் சூட்டை வாங்கி உடம்புக்கே திருப்பித் தரும். நாடா பின்னிய கட்டிலில் கீழிருந்தும் காற்று ஏறும். அதன்மேல் ஒரு கோரைப் பாய், தலைக்கு ஓர் இலவம்பஞ்சுத் தலையணை, மார்கழிப் பனிக்கு ஒரு கம்பளி. இந்த மூன்றும் காவிரிக் கரைச் சீதோஷ்ணத்துக்கு ஏற்றவை என்பதை நம் பாட்டன்மார் எந்த ஆராய்ச்சிக்கூடத்தின் உதவியும் இல்லாமலே அறிந்திருந்தார்கள்.

தகரக் கூண்டின் பெரும் பகை வெயில். பகலெல்லாம் சூரியனைக் குடித்த கூரை, நள்ளிரவு வரையில் அந்த வெப்பத்தை உள்ளே உமிழ்ந்துகொண்டிருக்கும். கூரைத் தகரத்துக்கு அடியில் ஓரங்குல கனத்துக்குத் தெர்மாகோலையோ அதைப் போன்ற வேறொரு வெப்பத் தடுப்பையோ ஒட்டி, அதை மெல்லிய ப்ளைவுட் பலகையால் மூடி, வெளிப்புறத்துக்கு வெள்ளை வர்ணம் பூசிவிட்டால் உள்ளே இருப்பவனுக்கு வித்தியாசம் முதல் இரவிலேயே தெரியும். இதே ஏற்பாடு பனிக்காலத்தில் வேறொரு விதத்தில் துணை செய்கிறது. உறங்குகிறவனுடைய மூச்சிலிருந்து வெளிப்படுகிற ஈரம், குளிர்ந்த தகரத்தில் பட்டுத் துளித்துளியாகத் திரண்டு அவன் முகத்திலும் சரக்கின்மேலும் சொட்டும். மெருகிட்ட உலோகத்துக்கு அந்த ஈரம் பகை. உட்பலகை இருந்தால் தகரம் அவ்வளவு விரைவில் வியர்க்காது.

மின்சார விஷயத்தில் ஒரு சிறு கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. 12 வோல்ட்டில் ஓடுகிற 12 வாட் விசிறி, எட்டு மணி நேரத்தில் 8 ஆம்பியர்-மணி மின்சாரத்தைக் குடிக்கிறது. அதை எஞ்சின் கிளப்புகிற பாட்டரியிலிருந்து இரவு தோறும் எடுத்தால் என்றாவது ஒரு விடியற்காலையில் வண்டி கிளம்பாது. விசிறிக்கும் விளக்குக்குமாகத் தனியே ஒரு சிறிய பாட்டரி வைத்துக்கொள்கிறவர்களுக்கு அந்தச் சங்கடம் நேராது.

காற்று, கதவு, நெருப்பு

இனிச் சொல்லப் போகிறவை சௌகரியத்தைப் பற்றியவை அல்ல, உயிரைப் பற்றியவை. 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் கேரளத்து வடகரையில், சாலையோரம் நிறுத்தி வைத்திருந்த ஒரு கேரவன் வண்டிக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே நிறைந்ததே காரணம் என்று பிறகு நடந்த பரிசோதனை தெரிவித்தது. அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலிமையாக அது இரத்தத்தைப் பற்றிக்கொள்வதால், உறங்குகிறவன் விழித்தெழும் சக்தியையே இழந்துவிடுகிறான். ஆகவே எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு மூடிய வண்டிக்குள் உறங்கக் கூடாது. கரியடுப்பையோ ஸ்டவ்வையோ உள்ளே ஏற்றக் கூடாது. ஜெனரேட்டரை வண்டிக்குப் பக்கத்தில்கூட வைக்கக் கூடாது. காற்று வருவதற்குக் கீழே ஒரு வழியும், போவதற்கு எதிர்ப்புறத்தில் மேலே ஒரு வழியும், மழைநீர் இறங்காத தகட்டு மறைப்போடு இரவு முழுவதும் திறந்தே இருக்க வேண்டும்.

நெல் வயலுக்கு நடுவே வண்டியை நிறுத்துகிறவனுக்குக் கொசுத்தொல்லையைப் பற்றி யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதற்காக மூடிய கூண்டுக்குள் கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தி வைப்பது ஒரு தீமைக்குப் பதிலாக இன்னொன்றை விலைக்கு வாங்குவதாகும். சீனத்திலும் மலேசியாவிலும் விற்பனையான சுருள்களைச் சோதித்து 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடுகிற நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்குச் சமம் என்று கண்டது. பக்கத்தில் வைக்கோல் வேறு இருக்கிறது. பின்கதவின் அளவுக்குத் தைத்த கொசுவலை ஒன்றை நான்கு கொக்கிகளில் மாட்டிவிட்டுக் கதவைத் திறந்தபடியே காற்றோடு உறங்குவது எவ்வளவோ மேல்.

கதவைப் பற்றி இன்னொரு வார்த்தை. சரக்கு வேனின் பின்கதவு சரக்குக்காகச் செய்யப்பட்டது. பல வண்டிகளில் அதை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். தெரியாமல் யாரேனும் கொண்டியை மாட்டிவிட்டுப் போனால் உள்ளே இருப்பவன் கைதியாகிவிடுவான். உள்ளிருந்து திறக்கிற தாழ்ப்பாளைப் பொருத்திவிட்டு, இருட்டிலே கையால் தடவித் திறந்து பழகிக்கொண்ட பிறகே அந்த வண்டியில் முதல் இரவைக் கழிக்க வேண்டும். சரக்கைத் தனியே கயிற்றால் இழுத்துக் கட்டி, சமதரையில், சாலையை விட்டு விலகி, வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தில் நிறுத்துவது அவசியம். ஓடுகிற வண்டியின் சரக்குப் பகுதியில் ஆள் படுத்து வருவதோ எந்த நிலையிலும் கூடாது. இந்தப் படுக்கை நின்ற வண்டிக்கு மட்டுமே உரியது. எங்கள் வேன்காரர் இவற்றோடு தம்முடைய நியமம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார். வடக்கே தலைவைத்துப் படுப்பதில்லை என்று அவருடைய தாயாருக்குக் கொடுத்த வாக்கின்படி, எந்த ஊரில் நிறுத்தினாலும் திசை பார்த்தே வண்டியைத் திருப்பி நிறுத்துகிறார்.

சட்டமும் சாலையும்

1961-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு கட்டியதோடு, இரவில் தங்க நேர்கிற ஊர்களில் தொழிலாளிக்கு ஓய்வறை அமைத்துக் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு என்றும் விதித்தது. அறுபது வருஷங்களுக்கு முன்னாலேயே அப்படிச் சிந்தித்தவர்களை நன்றியோடு நினைக்க வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற ஸ்தாபனங்களைக் கருதி எழுதப்பட்டது. தானே முதலாளியும் தானே தொழிலாளியுமாக ஒற்றை வேனை வைத்துப் பிழைக்கிறவன் அதன் நிழலுக்குள் வரவில்லை. புதிதாகத் தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி வேண்டும் என்று மத்திய அரசு பிறப்பித்த விதியும், மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கே பொருந்துகிறது. பெரிய வண்டிக்குக் கிடைத்த நிழல் சிறிய வண்டிக்குக் கிடைக்கவில்லை. சாலையின் வெயிலோ இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஐரோப்பிய நாடுகளில் 2006-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட விதியில் ஒரு நுட்பம் உண்டு. தினந்தோறும் எடுக்க வேண்டிய பதினொரு மணி நேர ஓய்வை, வண்டி நின்றிருந்து தகுந்த படுக்கையும் இருக்குமானால், வண்டியிலேயே எடுக்கலாம். வாரத்துக்குரிய நாற்பத்தைந்து மணி நேர நீண்ட ஓய்வை வண்டியில் எடுக்கலாகாது. அதற்கு வீடோ, வீட்டைப் போன்ற ஓர் இடமோ வேண்டும். வண்டிப் படுக்கை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அது ஓர் இரவுக்கான ஏற்பாடே என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சுவாமிமலையிலிருந்து நீண்ட பிரயாணம் ஒன்று தொடங்கியது. இருபத்தேழு அடி உயரமும் ஏறக்குறைய பதினெட்டு டன் எடையும் கொண்ட அஷ்டதாது நடராஜர், தேசத்தின் தென்கோடியிலிருந்து சாலை வழியாகவே டில்லிக்குப் போய், ஜி-20 மாநாடு கூடுவதற்கு முன்னால் பாரத மண்டபத்தின் எதிரே எழுந்தருளினார். அந்த ஆடல்வல்லானை உலகத் தலைவர்கள் வியந்து நோக்கினார்கள், வார்த்த ஸ்தபதிகளைப் பத்திரிகைகள் போற்றின, அது தகும். அதே பாரத மண்டபத்தில்தான் 2024 பிப்ரவரியில் நடந்த வாகனக் கண்காட்சியில், தேசிய நெடுஞ்சாலைகளில் ஓட்டுநர்களுக்காக முதல் கட்டமாக ஆயிரம் ஓய்வு இல்லங்கள் கட்டப்படும் என்று பிரதமர் அறிவித்தார். எண்ணெய் நிறுவனங்களும் முந்நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் லாரி ஓட்டுநர்களுக்கென்று படுக்கை வசதி செய்திருக்கின்றன. இவை நல்ல தொடக்கங்கள். எனினும் நெடுஞ்சாலையை விட்டு விலகி, வயல் வரப்பு போன்ற ஒற்றைத் தடத்தில் கிராமத்துக் கோயிலைத் தேடிப் போகிற வேன்காரனுக்கு அங்கே காத்திருப்பது தன் வண்டி ஒன்றே.

சயனாதிவாசம்

கும்பாபிஷேகத்துக்கு முன்னால் புதிய விக்கிரகத்துக்கு மூன்று அதிவாசங்கள் செய்விப்பது ஆகம வழக்கம். முதலில் நீரிலே வைப்பது ஜலாதிவாசம். பிறகு நெல்லிலும் மற்றத் தானியங்களிலும் வைப்பது தான்யாதிவாசம். அதன் பிறகு மெத்தை விரித்துத் தலையணையிட்டு, பட்டுடுத்திப் படுக்கவைப்பது சயனாதிவாசம். இளைப்பாறி எழுந்த பிறகே தெய்வம் பீடத்தில் ஏறுகிறது. பிரதிஷ்டையான பிற்பாடும் தினந்தோறும் அர்த்தஜாமத்தில் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்து, பாலும் பழமும் நிவேதித்து, திரையிட்டு உறங்கவைக்கிறோம். உறக்கம் வேண்டாத பரம்பொருளுக்கே உறங்க ஓர் அறையும் கட்டிலும் வேண்டும் என்று நினைத்த சமூகம் நம்முடையது. உறக்கத்தின் அருமையை அறிந்தவர்கள்தாம் இப்படி ஒரு வழிபாட்டை அமைத்திருக்க முடியும். அந்த விக்கிரகத்தை முந்நூறு நானூறு கிலோமீட்டர் தூரம் ஒரு கீறலும் படாமல் கொண்டுவந்து இறக்கியவன், ஊர் எல்லையில் ஸ்டியரிங் சக்கரத்தில் நெற்றியை வைத்து உறங்கிவிட்டு வந்தான் என்றால், நாம் செய்கிற சயனாதிவாசத்துக்கு ஒரு குறை நேர்ந்துவிட்டதாகவே நான் கருதுகிறேன்.

இந்தக் குறையைத் தீர்ப்பது மலையைப் பெயர்க்கிற காரியம் அல்ல. அம்மனை ஏற்றிக்கொண்டு அந்த வேன் அன்று இரவு எட்டு மணிக்குப் புறப்பட்டது. மறுநாள் மாலை நான் விசாரித்தபோது, கரூரைத் தாண்டி ஓரிடத்தில் ஐந்து மணி நேரம் நிறுத்தி உறங்கிவிட்டு, விடிந்த பிறகு புறப்பட்டு, குறித்த வேளையில் போய்ச் சேர்ந்ததாகச் சொன்னார். “சாமி பத்திரமா இறங்கியாச்சு, நானும் நல்லா இருக்கேன்ங்கய்யா” என்றார். அந்த இரண்டும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வந்ததைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிகளுக்குப் பாடி கட்டுகிற கைதேர்ந்த பட்டறைக்காரர்கள், சிறிய லோடு வண்டிகளுக்கென்று மடக்குக் கட்டில் ஒன்றை வகைப்படுத்திச் செய்து கொடுக்க முன்வர வேண்டும். ஸ்தபதிகள் வண்டி அமர்த்தும்போது வாடகையைக் கேட்பதோடு, “படுக்க இடம் இருக்கிறதா, தம்பி?” என்றும் கேட்க வேண்டும். ஊர்ப் பெரியவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. உங்கள் ஊர்க் கோயிலுக்குத் திருப்பணி தொடங்கும்போது செலவு நோட்டில் விக்கிரகம், வண்டி வாடகை, மாலை, மேளம் என்று வரிசையாக எழுதுவீர்கள். வண்டி வாடகைக்கு அடுத்த வரியில், சாரதியின் இராத் தங்கலுக்கும் படுக்கைக்கும் ஒரு தொகையை எழுதிக்கொள்ளுங்கள். சுவாமிக்குச் செய்கிற கைங்கரியத்தின் கணக்கிலேயே அதையும் சேர்க்கலாம்.